நிறுவல் எந்தப் படியில் நின்றது?

மெய்நிகர் கணினியில் இயங்குதளம் ஏற மறுத்தால் பலரும் முதலில் செய்யும் காரியம், அந்தக் கணினியையே அழித்துவிட்டு இன்னொன்றை உருவாக்குவது. அதே ஐஎஸ்ஓ கோப்பு, அதே அமைப்புகள், அதே அவசரம். அரை மணி நேரம் கழித்து அதே பிழைச்செய்தி அதே இடத்தில் வந்து நிற்கும். ‘விர்ச்சுவல்பாக்ஸே சரியில்லை’ என்று அதை நீக்கிவிட்டு விஎம்வேருக்குப் போவார்கள், அங்கேயும் ஓடாது. கோளாறு இரண்டு மென்பொருளிலும் இருக்காது. மடிக்கணினியின் பயாஸில் அணைந்து கிடக்கும் ஒரு வசதியில் இருக்கும்.

நிறுவல் ஒரே வேலைபோலத் தெரிந்தாலும் ஐந்து படிகளாக நடக்கிறது. முதலில் மெய்நிகர் கணினி உயிர்பெற வேண்டும். அடுத்து அது ஐஎஸ்ஓ கோப்பைக் கண்டு அதிலிருந்து பூட் ஆக வேண்டும். மூன்றாவதாக, நிறுவும் நிரல் நினைவகத்தில் ஏறித் திரையைக் காட்ட வேண்டும். நான்காவதாக, அந்த நிரல் வட்டைக் கண்டுபிடித்துக் கோப்புகளை எழுத வேண்டும். கடைசியாக, மறுதொடக்கத்தில் ஐஎஸ்ஓவை விட்டுவிட்டு வட்டிலிருந்து எழ வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். முதல் படியில் நின்ற கணினிக்காக ஐஎஸ்ஓவை மறுபடி பதிவிறக்குவதும், ஐந்தாம் படியில் நின்றதற்கு ரேமைக் கூட்டுவதும் வீண் வேலை.

ஆகவே பிழை வந்ததும் சாளரத்தை மூடக் கூடாது. செய்தியைச் சொல் மாறாமல் குறித்துக்கொள்ள வேண்டும், அல்லது திரையைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஏதோ எரர் வந்தது’ என்ற நினைவை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அத்தியாயத்தில் ‘ஹோஸ்ட்’ என்பது மேசைமேல் இருக்கும் உண்மையான கணினி. ‘கெஸ்ட்’ என்பது அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினி. இரண்டையும் இணைக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். எடுத்துக்காட்டுகளில் பல விர்ச்சுவல்பாக்ஸைச் சேர்ந்தவை. ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட அந்த மென்பொருள், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வழியாக 2010இல் ஆரக்கிள் கைக்கு வந்தது. இலவசம் என்பதால் புதிதாகத் தொடங்குவோர் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. விண்டோஸில் ஹைப்பர்-வியும் லினக்ஸில் கேவிஎம்மும் இருக்கின்றன. பொத்தான்களின் பெயர் மாறுமே தவிர, வரும் கோளாறுகள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

படி 1: கணினியே உயிர்பெறவில்லை

‘ஸ்டார்ட்’ அழுத்தியவுடன், கெஸ்ட்டின் திரை எழுவதற்கு முன்பே பிழைப் பெட்டி வந்தால் ஐஎஸ்ஓவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் பார்க்க வேண்டியது, ப்ராசஸரின் மெய்நிகராக்க வசதி. இன்டெல் 2005 நவம்பரில் விடி-எக்ஸ் என்ற பெயரிலும், ஏஎம்டி 2006இல் ஏஎம்டி-வி என்ற பெயரிலும் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்றைய கணினிகளில் அது இல்லாத ப்ராசஸர் அபூர்வம். ஆனால் பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்ட நிலையிலேயே பல கணினிகள் கடையிலிருந்து வருகின்றன.

அடையாளம் காண்பது எளிது. விர்ச்சுவல்பாக்ஸின் பட்டியலில் 32-பிட் இயங்குதளங்கள் மட்டும் தெரிந்து, 64-பிட் ஒன்றுகூடக் காணவில்லை என்றால் இதுதான் காரணம். 64-பிட் லினக்ஸை அப்படியே ஏற்ற முயன்றால், ‘இந்தக் கர்னலுக்கு எக்ஸ்86-64 ப்ராசஸர் வேண்டும், இங்கே இருப்பதோ ஐ686’ என்ற பொருளில் ஒரு வரி வந்து எல்லாம் உறைந்துவிடும். விண்டோஸ் ஹோஸ்ட்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்ற வரி இருக்கும். அதில் ‘டிசேபிள்டு’ என்று இருந்தால் கணினியை மறுதொடக்கம் செய்து பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல் கணினியில் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டி கணினியில் ‘எஸ்விஎம் மோட்’ என்று தேட வேண்டும். இயக்கிச் சேமித்த பிறகு, வெறும் மறுதொடக்கத்தோடு நிற்காமல் ஒருமுறை முழுக்க அணைத்து எழுப்புவது நல்லது.

டாஸ்க் மேனேஜர் ‘எனேபிள்டு’ என்கிறது, ஆனாலும் விர்ச்சுவல்பாக்ஸ் அடம்பிடிக்கிறது என்றால் இன்னொரு ஹைப்பர்வைசர் முந்திக்கொண்டிருக்கிறது. ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரே தண்ணீர்க் குழாய்க்கு இரண்டு குடும்பம் அடித்துக்கொள்வதுபோல, விடி-எக்ஸ் என்ற ஒரே வசதிக்கு ஹைப்பர்-வியும் விர்ச்சுவல்பாக்ஸும் போட்டியிடும். ‘நான் ஹைப்பர்-வியைப் போடவே இல்லையே’ என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் 10, 11இல் அதை யாரும் கேட்டுப் போட வேண்டியதில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல்2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ ஆகிய எல்லாமே அடியில் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசரை நம்பித்தான் ஓடுகின்றன.

விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 பதிப்பிலிருந்து இந்த மோதலைச் சமாளிக்க ஒரு வழி வந்தது. ஹைப்பர்-வி முந்திக்கொண்டால் அதன் முதுகில் ஏறியே விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும். அப்படி ஓடும்போது சாளரத்தின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை தெரியும். வேகம் குறைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் சின்னம் அது. நிறுவல் முடிவில்லாமல் இழுத்தால், அல்லது காரணமின்றி நடுவில் உறைந்தால், கீழே ஆமை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் இரண்டு வழி. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றையும், பாதுகாப்புப் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து மறுதொடக்கம் செய்வது ஒன்று. இதில் டபிள்யுஎஸ்எல்2 வேலை செய்யாமல் போகும். மெமரி இன்டெக்ரிட்டி என்பது தீம்பொருள்களுக்கு எதிரான காப்பு என்பதையும் மறக்கக் கூடாது. அலுவலகக் கணினியில் கேட்காமல் அணைக்க வேண்டாம். இரண்டாவது வழி, விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு ஹைப்பர்-வியிலேயே கெஸ்ட்டை நிறுவுவது. டபிள்யுஎஸ்எல்2 அன்றாடம் தேவைப்படுவோருக்கு இதுவே சரி.

லினக்ஸ் ஹோஸ்ட்டிலும் இதே மோதல் உண்டு. கர்னல் 6.12இலிருந்து, கேவிஎம் மாட்யூல் ஏறிய கணமே ப்ராசஸரின் மெய்நிகராக்க வசதியைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் கேவிஎம்மில் ஒரு கெஸ்ட் தொடங்கும்போதுதான் எடுத்துக்கொள்ளும். கர்னலைப் புதுப்பித்த மறுநாள் ‘விஎம்எக்ஸ் ரூட் மோட்’ என்ற சொல்லோடு விர்ச்சுவல்பாக்ஸ் பிழை காட்டினால் காரணம் இதுதான். கேவிஎம்மின் இன்டெல் அல்லது ஏஎம்டி மாட்யூலை நினைவகத்திலிருந்து இறக்கினால் சரியாகிவிடும்.

படி 2: ஐஎஸ்ஓவிலிருந்து பூட் ஆகவில்லை

கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்’ என்று வந்தால் கெஸ்ட் உயிரோடு இருக்கிறது, ஆனால் படிக்க எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஐஎஸ்ஓவை மெய்நிகர் டிவிடி இயக்கியில் செருக மறந்திருப்பார்கள். ஸ்டோரேஜ் பகுதியில் டிவிடி சின்னத்துக்கு அருகே ‘எம்ப்டி’ என்று இருந்தால் அதுதான். கோப்பைப் பதிவிறக்கக் கோப்புறையிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தியதாலும் இது நேரும்.

ஐஎஸ்ஓ செருகியிருந்தும் பூட் ஆகாவிட்டால் அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரில் ‘ஏஎம்டி64’ என்று இருப்பதைப் பார்த்து, ‘என்னுடையது இன்டெல் ஆயிற்றே’ என்று சிலர் வேறு கோப்பைத் தேடிப் போகிறார்கள். 64-பிட் நீட்சியை முதலில் வடிவமைத்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது; இன்டெல்லுக்கும் அதே கோப்புதான். ‘ஏஆர்எம்64’ அல்லது ‘ஏஆர்ச்64’ என்பதுதான் உண்மையிலேயே வேறு. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சில்லோடு மேக் கணினிகளை வெளியிட்டதிலிருந்து இந்தக் குழப்பம் கூடிவிட்டது. எம் வரிசை மேக்கில் ஏஆர்எம் ஐஎஸ்ஓதான் ஓடும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1, 2024இல் அந்த மேக்குகளுக்கு வந்தாலும் ஏஆர்எம் கெஸ்ட்களை மட்டுமே ஏற்கிறது. எக்ஸ்86 இயங்குதளம்தான் வேண்டும் என்றால் யுடிஎம் போன்ற மென்பொருளில் ப்ராசஸரையே பாவனை செய்து ஓட்டலாம். பொறுமை வேண்டும், வேகம் மிகக் குறைவு.

அடுத்த சந்தேகம் கோப்பின் முழுமை. உபுண்டு 24.04இன் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் பதிவிறக்கி, நடுவில் அறுந்து, மறுபடி தொடர்ந்த கோப்பில் ஓர் ஓரம் கெட்டிருந்தால் பூட் ஆகும், திரையும் வரும். பாதி நிறுவலில் ‘ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்’ என்ற வரிகள் கொட்டும். இயங்குதளத்தின் பக்கத்தில் ஐஎஸ்ஓவுக்கு அருகிலேயே ஷா-256 என்ற 64 எழுத்துக் கைரேகை வெளியிடப்பட்டிருக்கும். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மீது வலது சொடுக்கி அதே கைரேகையைக் கணக்கிடலாம். லினக்ஸில் ஷா256சம் கட்டளை இருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை வீசிவிட்டு மறுபடி பதிவிறக்க வேண்டும்.

கைரேகை பார்ப்பது கெட்டுப்போன கோப்பைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஊடுருவிய ஒருவர், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பைத் தாம் மாற்றியமைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார். அதில் பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. அன்று பதிவிறக்கியவர்களில் கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தப்பிக்க வாய்ப்பிருந்தது. நண்பரின் பென்டிரைவிலிருந்தோ தெரியாத தளத்திலிருந்தோ வாங்கிய ஐஎஸ்ஓவுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

ஹைப்பர்-வி பயன்படுத்துவோருக்கு இந்தப் படியில் தனிப் பொறி ஒன்று உண்டு. ‘ஜெனரேஷன் 2’ வகைக் கணினியில் செக்யூர் பூட் இயல்பாகவே இயங்கும். அது விண்டோஸின் கையொப்பத்தை மட்டும் நம்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் ஐஎஸ்ஓவைச் செருகினால் கையொப்பம் ஏற்கப்படவில்லை என்ற செய்தியோடு நிற்கும். அமைப்புகளில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், டெம்ப்ளேட்டை ‘மைக்ரோசாஃப்ட் யுஇஎஃப்ஐ சர்டிஃபிகேட் அத்தாரிட்டி’ என்று மாற்றினால் உபுண்டு போன்றவை எழுந்துவிடும். விண்டோஸ் 7, 32-பிட் இயங்குதளங்கள் ஆகியவற்றுக்கு ஜெனரேஷன் 1தான் எடுக்க வேண்டும். ஒருமுறை உருவாக்கிய பின் ஜெனரேஷனை மாற்ற முடியாது. இங்கே மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது சரியான முடிவு.

படி 3: நிறுவி எழுந்து சாய்கிறது

லோகோ வந்தது, புள்ளிகள் சுற்றின, பிறகு கறுப்புத் திரை. இங்கே முதலில் ரேமைப் பார்க்க வேண்டும். இன்றைய லினக்ஸ் நிறுவிகள் ஒரு முழு டெஸ்க்டாப்பையே நினைவகத்தில் ஏற்றி, அதற்குள்தான் நிறுவும் வேலையைச் செய்கின்றன. வட்டில் இன்னும் எதுவும் இல்லாததால் சுமை முழுவதும் ரேம்மீது விழும். 1 ஜிபி கொடுத்தால் நிறுவி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்கு 4 ஜிபி ரேம், இரண்டு கோர், 25 ஜிபி வட்டு என்பது பரிந்துரை. ஹோஸ்ட்டில் மொத்தமே 4 ஜிபி என்றால் லுபுண்டு போன்ற எடை குறைந்த வகையை எடுப்பது நல்லது. ஹோஸ்ட்டுக்கே மூச்சு முட்டும்படி ரேமை அள்ளிக் கொடுத்தாலும் நிறுவல் நின்றுபோகும். விர்ச்சுவல்பாக்ஸின் அளவுகோலில் பச்சைப் பகுதியைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

ரேம் போதுமானதாக இருந்தும் திரை கறுப்பாகவே இருந்தால், வரைகலையில் கோளாறு இருக்கலாம். 3டி முடுக்கத்தை அணைத்து, வீடியோ நினைவகத்தை 128 எம்பிக்கு உயர்த்திப் பார்க்க வேண்டும். உபுண்டுவின் பூட் பட்டியலில் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ என்றொரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தாலே பல நேரம் நிறுவி எழுந்துவிடும்.

விண்டோஸ் 11 இந்தப் படியில்தான் அதிகம் மறுக்கிறது. 2021 அக்டோபரில் வெளிவந்தபோதே 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு, பயாஸுக்கு மாற்றான யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட், பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 ஆகியவற்றைக் கட்டாயமாக்கிவிட்டது. கெஸ்ட்டில் டிபிஎம் இல்லையென்றால் ‘இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது’ என்று சொல்லி நிறுவி விலகிக்கொள்ளும். ஹோஸ்ட்டில் டிபிஎம் சில்லு இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை; கெஸ்ட் பார்ப்பது தனக்குக் கொடுக்கப்பட்ட மெய்நிகர் டிபிஎம்மை மட்டுமே. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0, 2022 அக்டோபரில் அந்த வசதியோடு வந்தது. கணினியை உருவாக்கும்போதே வகையை ‘விண்டோஸ் 11’ என்று தேர்ந்தெடுத்தால் எல்லாம் தானாக அமையும். விஎம்வேரில் முதலில் கெஸ்ட்டைக் குறியாக்கம் செய்த பிறகே டிபிஎம்மைச் சேர்க்க முடியும். ஹைப்பர்-வியில் அது ஒரு சதுரப் பெட்டியில் குறியிடும் வேலை.

வகையைத் தேர்வது வெறும் ஒப்புக்கு இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஹைப்பர்வைசர் எந்த வட்டுக் கட்டுப்படுத்தி, எந்த வரைகலை, எந்த நெட்வொர்க் அட்டை கொடுப்பது என்று முடிவுசெய்வது அதை வைத்துத்தான். பட்டியலில் பெயர் இல்லாத லினக்ஸுக்கு அதன் மூலத்தைப் போட வேண்டும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து வந்தது என்பதால் அதற்கு ‘டெபியன்’ என்று தேர்ந்தால் போதும்.

ப்ராசஸரின் மாதிரியும் காலை வாரும். 2022 மே மாதம் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எக்ஸ்86-64-வி2 என்ற தரத்துக்குக் கீழான ப்ராசஸரில் எழாது. பிராக்ஸ்மாக்ஸ் என்ற கேவிஎம் சார்ந்த தளத்தில் கெஸ்ட்டுக்கு அப்போது இயல்பாகத் தரப்பட்டது ‘கேவிஎம்64’ என்ற மிகப் பழைய பாவனை ப்ராசஸர். விளைவு, நேற்று வாங்கிய சர்வரிலும் ஆர்எச்இஎல் 9, அதன் வழிவந்த ராக்கி, அல்மா ஆகியவை கர்னல் பேனிக்கில் விழுந்தன. ப்ராசஸர் வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றினால் உடனே சரியாகும். பிராக்ஸ்மாக்ஸ் பிறகு தன் 8ஆம் பதிப்பில் இயல்பு அமைப்பையே மாற்றிக்கொண்டது. 2025இல் வந்த ஆர்எச்இஎல் 10 இன்னும் ஒரு படி மேலே போய் வி3 தரத்தைக் கேட்கிறது. அதனால் பழைய கணினியை வைத்திருப்போர் முதலில் ப்ராசஸரின் தலைமுறையைப் பார்த்துவிட்டுப் பதிவிறக்குவது நல்லது.

இன்னொரு விசித்திரமான செய்தி, ‘விண்டோஸ் கேனாட் ஃபைண்ட் த மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர் லைசென்ஸ் டெர்ம்ஸ்’. உரிம விதிகளைக் காணவில்லை என்று சொன்னாலும் ஐஎஸ்ஓவில் குறையில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் 7இன் ‘அன்அட்டெண்டட்’ நிறுவலும், விஎம்வேரின் ‘ஈசி இன்ஸ்டால்’ வசதியும் பயனரின் சார்பில் கேள்விகளுக்குப் பதில் எழுதி நிறுவியிடம் கொடுக்கின்றன. அந்தப் பதில்தாள் பொருந்தாவிட்டால் இந்தச் செய்தி வரும். விர்ச்சுவல்பாக்ஸில் கணினியை உருவாக்கும்போதே அன்அட்டெண்டட் நிறுவலைத் தவிர்த்துவிட வேண்டும். விஎம்வேரில் நெகிழ்வட்டு இயக்கியை நீக்கினால் போதும். ஹைப்பர்-வியில் இதே செய்தி வந்தால், தொடக்க ரேமைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

படி 4: வட்டைக் காணோம், அல்லது பாதியில் நிரம்பியது

‘ஹார்ட் டிஸ்க் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று நிறுவி சொல்லும்போது வட்டு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அதோடு பேச நிறுவிக்கு மொழி தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது. சாட்டா வட்டுகளை இயக்கும் ஏஎச்சிஐ முறை அதற்குப் பிறகே வந்தது. ஆகவே எக்ஸ்பியைச் சாட்டா கட்டுப்படுத்தியில் நிறுவினால் வட்டு தெரியாது, அல்லது 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை விழும். ஸ்டோரேஜ் பகுதியில் சாட்டாவிலிருந்து வட்டைக் கழற்றி ஐடிஇ கட்டுப்படுத்தியில் மாட்டினால் அடுத்த முயற்சியிலேயே ஏறிவிடும்.

கேவிஎம்மில் இதே சிக்கல் புதிய விண்டோஸுக்கும் வருகிறது. வேகத்துக்காக அங்கே பயன்படும் ‘விர்ட்ஐஓ’ வட்டுக்கான இயக்கி (டிரைவர்) மைக்ரோசாஃப்ட்டின் ஐஎஸ்ஓவில் இல்லை. ஃபெடோரா திட்டம் வெளியிடும் விர்ட்ஐஓ-வின் என்ற ஐஎஸ்ஓவை இரண்டாவது டிவிடியாகச் செருகி, வட்டைத் தேர்வுசெய்யும் திரையில் ‘லோட் டிரைவர்’ பொத்தானை அழுத்தி இயக்கியைக் காட்ட வேண்டும். காட்டியதும் வட்டு பட்டியலில் தோன்றும்.

வட்டு தெரிந்து, நகலெடுப்பும் தொடங்கி, அறுபது சதவீதத்தில் நின்றால் ஹோஸ்ட்டின் வட்டைப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாக உருவாக்கும் வட்டுக் கோப்பு தேவைக்கேற்ப வளரும் வகை. 50 ஜிபி என்று எழுதியிருந்தாலும் தொடக்கத்தில் சில எம்பிதான் இருக்கும். கோப்புகள் ஏற ஏற அது வீங்கி, ஹோஸ்ட்டின் சி டிரைவ் நிரம்பியதும் கெஸ்ட்டை விர்ச்சுவல்பாக்ஸ் இடைநிறுத்திவிடும். நிறுவல் தோற்றது என்று எண்ணி அணைத்துவிட வேண்டியதில்லை. ஹோஸ்ட்டில் தேவையற்றதை நீக்கி இடம் உண்டாக்கிவிட்டு ‘பாஸ்’ குறியை எடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பென்டிரைவிலோ பழைய வெளி வட்டிலோ கெஸ்ட்டை வைப்போருக்கு வேறு எல்லை இருக்கிறது. ஃபேட்32 முறையில் வடிவமைத்த வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வட்டில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் கெஸ்ட்டின் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் எழுதும் பிழை வரும். வட்டை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் அதில் இருப்பது அழியும் என்பதால் முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: மறுதொடக்கத்தில் மறுபடி அதே திரை

நிறுவல் வெற்றி என்று செய்தி வந்தது. மறுதொடக்கம் செய்தால் மொழியைத் தேர்ந்தெடு என்று முதலிலிருந்து கேட்கிறது. எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. ஐஎஸ்ஓ இன்னும் டிவிடி இயக்கியில் இருப்பதால் கெஸ்ட் அதிலிருந்தே எழுகிறது. டிவைசஸ் மெனுவில் ஐஎஸ்ஓவை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தால் போதும். விண்டோஸ் நிறுவலில் முதல் மறுதொடக்கத்தின்போது ‘டிவிடியிலிருந்து பூட் செய்ய ஏதேனும் விசையை அழுத்துக’ என்று வரும். அப்போது எதையும் அழுத்தாமல் விட வேண்டும்.

ஐஎஸ்ஓவை நீக்கியபின் மஞ்சள் எழுத்துகளோடு யுஇஎஃப்ஐ ஷெல் திறந்தால், பயாஸ் முறையில் நிறுவிய கெஸ்ட்டுக்கு நடுவில் யாரோ இஎஃப்ஐ குறியைப் போட்டிருக்கக்கூடும். பழைய முறையில் நிறுவிய வட்டில் இஎஃப்ஐக்குத் தேவையான பிரிவு (பார்ட்டிஷன்) இருக்காது. குறியை எடுத்துவிட்டால் பழையபடி எழும். எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறையிலேயே கடைசிவரை ஓட்ட வேண்டும்.

உள்ளே நுழைந்தபின் ‘விபாக்ஸ்யூசர்’ என்ற பெயர் தெரிந்து, நிர்வாகக் கட்டளை எதுவும் ஏற்கப்படாமல் ‘சூடோயர்ஸ் கோப்பில் இல்லை’ என்று வந்தால், முன்பு சொன்ன அன்அட்டெண்டட் வசதிதான் மறுபடி கைவரிசை காட்டியிருக்கிறது. அது உருவாக்கும் லினக்ஸ் பயனருக்கு நிர்வாக உரிமை இருப்பதில்லை. ரூட்டாக நுழைந்து அந்தப் பயனரைச் சூடோ குழுவில் சேர்க்கலாம். கணினியில் இன்னும் எதுவும் சேரவில்லை என்றால், அந்த வசதியைத் தவிர்த்து மறுபடி நிறுவுவது இன்னும் சுத்தம்.

பழைய இயங்குதளங்கள்: வேகமே பகை

பழைய கணக்கு மென்பொருளுக்காகவோ சிறுவயது விளையாட்டுக்காகவோ விண்டோஸ் 95, 98 தேடுவோர் ஒரு தலைகீழ்ச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். கணினி போதாது என்பதல்ல, கணினி வேகம் அதிகம் என்பதுதான் அங்கே கோளாறு. விண்டோஸ் 95இன் ஓர் இயக்கி தொடங்கும்போது, ஒரு சுற்றைப் பலமுறை ஓடவிட்டு அதற்கான நேரத்தை அளந்து ப்ராசஸரின் வேகத்தைக் கணிக்கும். 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 வந்தபோது அந்தச் சுற்று மிக விரைவில் முடிந்து, அளந்த நேரம் பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யத்தால் வகுக்க முயன்று ‘விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்’ விழுந்தது. 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய ப்ராசஸர்களில் நெட்வொர்க் பகுதியும் இதே வழியில் விழுந்தது. மெய்நிகர் கணினி ஹோஸ்ட்டின் முழு வேகத்தில் ஓடுவதால், அந்தப் பிழை இன்றும் அப்படியே வருகிறது.

ரேமும் அங்கே தலைகீழ்தான். 512 எம்பிக்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் 98இன் வட்டுத் தேக்ககம் தடுமாறி, நினைவகம் போதவில்லை என்று சொல்லும். 256 எம்பி தாராளம். வேகச் சிக்கலுக்கும் புதிய ப்ராசஸர்களில் வரும் வேறு சில தடுமாற்றங்களுக்கும் ‘பேட்சர்9எக்ஸ்’ என்ற திறந்தமூலத் திருத்தம் இருக்கிறது. அந்தத் தொல்லையே வேண்டாம் என்போர் 86பாக்ஸ் போன்ற பாவனைக் கருவியை எடுக்கலாம். அது ஒரு பழைய பென்டியம் கணினியை அதன் வேகத்தோடு சேர்த்துப் பாவனை செய்வதால் விண்டோஸ் 98 தன் வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

பதிவேட்டைப் படிப்பது

மேலே சொன்ன எதிலும் அடங்காத பிழைக்குப் பதிவுக் கோப்புதான் சாட்சி. விர்ச்சுவல்பாக்ஸில் ஒவ்வொரு கெஸ்ட்டின் கோப்புறைக்குள்ளும் ‘லாக்ஸ்’ என்றொரு கோப்புறை இருக்கும், மெனுவிலிருந்தும் திறக்கலாம். நீண்ட கோப்பைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் படித்து, ‘எரர்’ அல்லது ‘ஃபெயில்டு’ என்று முதலில் கண்ணில் படும் வரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரியின் பிழைப் பெயரைத் தேடினாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கெஸ்ட்டுக்குள் நிறுவி தரும் பதிவுகளும் உண்டு. விண்டோஸ் நிறுவலின் நடுவில் ஷிஃப்ட்டோடு எஃப்10ஐ அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். ‘பாந்தர்’ என்ற கோப்புறையில் நிறுவியின் நாட்குறிப்பு இருக்கிறது. டெபியன் நிறுவி நான்காவது திரையில் தான் செய்வதை வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் அங்கே போக வலது கன்ட்ரோலோடு எஃப்4 போதும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே அமைப்பை மாற்ற வேண்டும். ரேம், வட்டுக் கட்டுப்படுத்தி, இஎஃப்ஐ மூன்றையும் ஒன்றாக மாற்றி நிறுவல் ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த கணினியில் மறுபடி முதலிலிருந்து தடவ வேண்டியிருக்கும். நிறுவல் வென்றவுடன், எதையும் சேர்ப்பதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஓடாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது ஆறு விவரங்களைச் சேர்த்துக் கொடுங்கள்: ஹோஸ்ட்டின் இயங்குதளமும் ப்ராசஸரும், ஹைப்பர்வைசரின் பெயரும் பதிப்பும், ஐஎஸ்ஓ கோப்பின் முழுப்பெயர், கெஸ்ட்டுக்குக் கொடுத்த ரேமும் வட்டும், நின்ற படி, சொல் மாறாத பிழைச்செய்தி. இவை ஆறும் இருந்தால் உங்கள் கணினியை நேரில் பார்க்காத ஒருவரால்கூடக் காரணத்தைச் சொல்லிவிட முடியும்.